வீட்டு வாசலில் நின்ற சட்டம்



“விற்பதற்காக அன்று, பிறருக்குக் கொடுப்பதற்காகவும் அன்று. என் வீட்டில், என் பயனுக்காக மட்டுமே ஒரு பாட்டையோ படத்தையோ பிரதி செய்துகொண்டேன். இதிலே குற்றம் எங்கே இருக்கிறது?” இணையத்திலிருந்து களவுப் பிரதிகளைத் தரவிறக்கிக்கொள்வோர் பலர் இவ்வாறு கேட்கின்றனர். கேட்பவர் அனைவரும் தீய நோக்கம் உடையவர் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் எடுத்துக்காட்டும் நியாயம் ஒரு காலத்தில் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்த நியாயமாகும். அது எப்போது தோன்றியது, எவ்வாறு படிப்படியாகத் தேய்ந்தது, இன்று அதில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பனவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

அச்சுப்பொறி பரவுவதற்கு முன் பிரதி செய்தல் ஒரு தொண்டாகவே கருதப்பட்டது. பனையோலை ஏடுகள் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் இயல்புடையன. ஒருவர் ஓர் ஏட்டை இரவலாகப் பெற்று, எழுத்தாணி கொண்டு பெயர்த்தெழுதினால், அந்நூலின் ஆயுள் மேலும் சில தலைமுறைக்கு நீண்டது. எழுதியவர் கைவலிக்க உழைத்துப் பெற்றது ஒரே ஒரு பிரதி. அதனால் எவருக்கும் இழப்பில்லை. அச்சு வந்த பின்னரே, ஒருவர் ஆக்கிய நூலை இன்னொருவர் ஆயிரக்கணக்கில் அடித்து விற்று, ஆக்கியவருக்கு ஒரு காசும் கொடாதிருக்கும் நிலை உண்டாயிற்று.

இதனைத் தடுக்க எழுந்த முதற் பெருஞ் சட்டம், இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்தில் 1710 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 10 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. புதிய நூலின் ஆசிரியருக்கு 14 ஆண்டுகளும், அவர் அப்போது உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகளும் அச்சிடும் உரிமையை அது வழங்கியது. மீறுவோரிடம் அகப்படும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பென்னி தண்டம். அதிற் பாதி முடிக்கு, பாதி வழக்குத் தொடுத்தவருக்கு. இச்சட்டம் யாரைச் சுட்டியது என்பதைக் கவனித்தல் வேண்டும். உத்தரவின்றி அச்சிட்டவரை, இறக்குமதி செய்தவரை, அறிந்துகொண்டே விற்றவரை அது சுட்டியது. நூலை வாங்கி வீட்டுத் திண்ணையில் இருந்து வாசித்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்கள் விரும்பிய பாட்டுக்களின் இசைத்தாள்களைக் களவாக அச்சிட்டு இலண்டன் வீதிகளில் மலிவாகக் கூவி விற்றனர். பிரித்தானியப் பாராளுமன்றம் 1902 ஆம் ஆண்டிலும் 1906 ஆம் ஆண்டிலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றியது. அவற்றின் பிடியில் அகப்பட்டோர் வீதி வியாபாரிகளும் அச்சடித்தோருமே. அத்தாளை வாங்கிக்கொண்டு போய்ப் பியானோவின் முன் அமர்ந்து வாசித்த குடும்பங்களை எவரும் நீதிமன்றுக்கு அழைக்கவில்லை.

ஐரோப்பாவின் வேறு நாடுகள் இதனினும் ஒரு படி முன்சென்று, சொந்தப் பயனுக்கான பிரதியை வெளிப்படையாகவே அனுமதித்தன. வருவாய் பெறும் நோக்கமின்றித் தன் பயனுக்காகச் செய்யும் பிரதியை ஜேர்மனியின் 1901 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. ஒல்லாந்தின் 1912 ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே. பிரித்தானியாவின் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சற்று இறுக்கமானது. தனிப்பட்ட படிப்பு, ஆராய்ச்சி, விமர்சனம் முதலியவற்றுக்காக நேர்மையாகக் கையாள்வதையே அது விலக்களித்துக் காத்தது. குடியேற்றவாத ஆட்சியின் வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்த சட்டம் இதுவே. 1979 ஆம் ஆண்டிற் புதிய சட்டம் இயற்றப்படும் வரை நமது பதிப்புரிமைச் சட்டத்துக்கு அது அடிப்படையாக இருந்தது.

இச்சட்டங்களை இயற்றியோர் மனத்தில் இருந்த வீட்டுப் பிரதி எது? கையால் எழுதிய ஒரு பக்கம். பெயர்த்தெடுத்த ஓர் இசைக்குறிப்பு. கையின் களைப்பே அதற்கு எல்லையாக இருந்தது. அந்த எல்லையை உடைத்தது ஒலிப்பதிவுப் பொறி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜேர்மனியில் ஒலிநாடாவிற் பதிவு செய்யும் பொறிகள் வீடுகளுக்குள் நுழைந்தன. வானொலியில் வரும் பாட்டை அப்படியே நாடாவில் ஏற்றிவைத்து, வேண்டியபோது கேட்கலாயிற்று. நமது நாட்டிலும் வானொலிப் பாட்டுக்களை நாடாவிற் பிடித்துவைத்துக் கேட்ட தலைமுறை ஒன்று உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள். இசை ஆக்கியோரின் உரிமைகளைப் பேணும் ‘கேமா’ என்னும் ஜேர்மன் சங்கம், பொறி செய்த ‘குருண்டிக்’ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 1955 ஆம் ஆண்டு மே மாதம் ஜேர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர் இத்தகைய பொறியைக் கனவிலும் கண்டிலர். ஆகவே அன்று வீட்டுப் பிரதிக்கு அளித்த சலுகை ஒலிநாடாவுக்குப் பொருந்தாது என்பது அதன் முடிவு.

சட்டம் முதன்முறையாக வீட்டு வாசலில் வந்து நின்றது இப்போதுதான். உரிமை உண்டு என்றாகிவிட்டது. அதனை நிலைநாட்டுவது எவ்வாறு? பொறி வாங்குவோரின் அடையாள அட்டை விவரங்களைக் கடைக்காரர் பெற்றுத் தமக்குத் தரவேண்டும் என்று கேமா கோரியது. 1964 ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் அக்கோரிக்கையை மறுத்தது. நான்கு சுவர்களுக்குள் ஒருவர் எதைப் பதிவு செய்கிறார் என்று தேடிச்செல்வது, அரசியலமைப்புக் காக்கும் இல்லத்தின் புனிதத்துக்கு ஊறு விளைக்கும் என்பதை அது எடுத்துக்காட்டியது.

இவ்விரண்டு தீர்ப்புக்களுக்கும் இடையே அகப்பட்ட பாராளுமன்றம் 1965 ஆம் ஆண்டு ஒரு நடுவழி கண்டது. வீட்டில் தன் பயனுக்குப் பிரதி செய்வோரைத் தொந்தரவு செய்வதில்லை. அதற்கு ஈடாகப் பொறி செய்வோர் தமது விற்பனை வருமானத்தில் 5 வீதத்துக்கு மேற்படாத ஒரு தொகையை ஆக்கியோருக்குச் செலுத்த வேண்டும். வீட்டின் அமைதியும் கெடவில்லை. பாட்டு ஆக்கியவர் வயிறும் முற்றாகக் காயவில்லை. வேறு பல ஐரோப்பிய நாடுகளும் பின்னர் இவ்வழியைத் தழுவின.

அமெரிக்காவில் இதே வினா படம் பதியும் பொறியின் வடிவில் எழுந்தது. சோனி நிறுவனம் 1975 ஆம் ஆண்டு ‘பீட்டாமாக்ஸ்’ என்னும் பொறியை வெளியிட்டது. யூனிவேர்சல், டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் மறு ஆண்டே வழக்குத் தொடுத்தன. வழக்கு ஏழாண்டுக்கு மேல் நடந்தது. 1984 ஆம் ஆண்டு ஜனவரியில் ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. தொலைக்காட்சியில் இலவசமாக ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வேறொரு வேளையிற் பார்ப்பதற்காக வீட்டிற் பதிந்துவைத்தல் நியாயமான பயன்பாடே என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஒரே ஒருவரின் வாக்கினால் வீட்டுப் பிரதி தப்பியது. பலருக்கு இத்தீர்ப்பின் முதற்பாதி மட்டுமே நினைவில் நின்றது. பார்ப்பதற்கு முன்னரே அழைப்புப் பெற்ற நிகழ்ச்சியைப் பதிவது பற்றியதே அத்தீர்ப்பு என்ற பின்பாதி மறந்துபோயிற்று.

நாடாவுக்கு ஒரு குறை இருந்தது. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்கத் தரம் மங்கும். எண்முறைப் பதிவில் அக்குறை இல்லை. ஆயிரமாவது பிரதியும் முதற்பிரதி போன்றதே. இணையம் அப்பிரதியைக் கணப்பொழுதில் உலகின் மறுகோடிக்குக் கொண்டுசெல்லும். இலாப நோக்கு இல்லையாயிற் குற்றமில்லை என்ற பழைய காப்பும் இந்நிலையில் உடையத் தொடங்கியது. 1994 ஆம் ஆண்டு அமெரிக்க மாணவர் ஒருவர், விலைபெறும் கணினி நிரல்களை எவரும் இலவசமாகப் பெறுமாறு வலையமைப்பில் வைத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் ஒரு சதமும் ஈட்டவில்லையாதலின் குற்றவியற் சட்டத்தில் இடமில்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளினார். 1997 ஆம் ஆண்டிலேயே அந்த வாசல் அடைக்கப்பட்டது. 180 நாட்களுக்குள், மொத்த விலை 1,000 டொலருக்கு மேற்பட்ட ஆக்கங்களை வேண்டுமென்றே பிரதி செய்தாலோ பகிர்ந்தாலோ, இலாபம் இல்லாவிடினும் குற்றமே என்று புதிய சட்டம் விதித்தது.

1999 ஆம் ஆண்டு ‘நாப்ஸ்டர்’ தோன்றியது. ஒருவர் கணினியிலுள்ள பாட்டை இன்னொருவர் நேரடியாகப் பெற அது வழிசெய்தது. 2001 ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டளையால் அது ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் வேறு பல முளைத்தன. சேவை நடத்துவோரை அடக்கி முடியாது என்று கண்ட அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள், 2003 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 8 ஆந் திகதி, அதுவரை எவரும் செய்யாத ஒன்றைச் செய்தன. சாதாரணக் குடிமக்கள் 261 பேர்மீது ஒரே நாளில் வழக்குத் தாக்கல் செய்தன. அவர்களுள் நியூயோர்க்கைச் சேர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய தாயார் 2,000 டொலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் இம்முயற்சியைக் கைவிடும்வரை 30,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு குறிவைக்கப்பட்டனர்.

இவ்வழக்குகளின் அச்சம் எங்கே இருந்தது எனின், அமெரிக்கச் சட்டம் விதித்த நட்டஈட்டில் இருந்தது. உண்மை இழப்பு எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஓர் ஆக்கத்துக்கு 750 டொலர் முதல் 30,000 டொலர் வரையும், வேண்டுமென்றே செய்த மீறலாயின் 150,000 டொலர் வரையும் விதிக்கலாம். கள்ள அச்சகம் நடத்துவோரையும் அடக்கக்கூடிய இந்த அளவுகோல், வீட்டில் இருந்து பாட்டுக் கேட்டவரையும் அளக்கலாயிற்று.

இரண்டு வழக்குகளை மட்டும் நோக்குவோம். முதலாவது, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரே பொருந்துவது. சிக்காகோவில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005 ஆம் ஆண்டு தீர்த்தது. பெண்மணி ஒருவர் சில வாரங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களைத் தரவிறக்கியிருந்தார். வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்த்தேன் என்பது அவர் வாதம். விலைகொடுத்து வாங்கியிராத 30 பாட்டுக்களைப் பற்றியே தீர்ப்பு எழுந்தது. பீட்டாமாக்ஸ் தீர்ப்பு இங்கே உதவாது. அங்கே ஒளிபரப்பைப் பார்ப்பதற்கு உத்தரவு இருந்தது, இங்கே அதுவும் இல்லை. பாட்டை முழுமையாகப் பெற்று வைத்துக்கொண்ட பின் மாதிரி பார்த்தேன் என்பது செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. விதிக்கப்பட்டது பாட்டுக்கு 750 டொலர் என்னும் மிகக் குறைந்த அளவே. ஆயினும் மொத்தம் 22,500 டொலர்.

மற்றது மினசோட்டா மாநிலத்துத் தாய் ஒருவரின் வழக்கு. பாட்டுக்கள் 24. அவற்றைப் பிறருக்கும் பகிர்ந்தார் என்பதும் குற்றச்சாட்டில் அடங்கும். 2007 ஆம் ஆண்டு யூரிமார் 222,000 டொலர் விதித்தனர். மறுவிசாரணையில் 2009 ஆம் ஆண்டு அது 1,920,000 டொலராயிற்று. நீதிபதி அதனை 54,000 ஆகக் குறைத்தார். மூன்றாம் விசாரணையில் 2010 ஆம் ஆண்டு 1,500,000 டொலர், மீண்டும் 54,000. இறுதியில் 2012 ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலில் விதித்த 222,000 டொலரையே நிலைநிறுத்தியது. அக்காலத்தில் ஒரு பாட்டை இணையக் கடையில் 99 சதத்துக்கு வாங்கலாம். இருபத்து நான்கு டொலர் பெறுமதியான பொருளுக்கு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானமே பணயமாக நின்றது.

இதில் இன்னுமோர் இடர் உண்டு. வழக்குத் தொடுப்போருக்குக் கிடைப்பது இணைய இணைப்பின் இலக்கமே. இருந்து இயக்கியவரின் முகம் அன்று. அதனால் இணைப்பு யாருடைய பெயரில் உள்ளதோ அவரே முதலிற் சந்தேகிக்கப்படுகிறார். 2005 ஆம் ஆண்டு, ஏற்கெனவே இறந்துபோன 83 வயது மூதாட்டி ஒருவர்மீது வழக்குத் தொடுத்து, பின்னர் அதனை மீளப்பெற நேர்ந்தது. பிரான்சில் 2012 ஆம் ஆண்டு தொழிலாளி ஒருவருக்கு 150 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பாட்டைத் தரவிறக்கியவர் அவருடைய மனைவி. தன் பெயரிலுள்ள இணைப்பைக் காவாது விட்டதே கணவரின் குற்றம்.

“நான் பெற்றேன், எவருக்கும் கொடுக்கவில்லை” என்று நம்புவோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2001 ஆம் ஆண்டு தோன்றிய ‘பிட்டொரன்ட்’ முறையில் ஒரு கோப்பு பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒருவர் துண்டுகளைப் பெற்றுக்கொண்டிருக்கும்போதே, வந்துசேர்ந்த துண்டுகளை அவருடைய கணினி பிறருக்கு வழங்கிக்கொண்டிருக்கும். அவர் அறியாமலே பெறுபவரும் அவர்தாம், கொடுப்பவரும் அவர்தாம். ‘என் பயனுக்கு மட்டும்’ என்ற சொல் இங்கே பொறியின் இயல்பினாலேயே பொய்த்துப்போகிறது.

சொந்தப் பயனுக்கு இடமளித்த ஐரோப்பிய நாடுகளும் மாறின. பிரதி செய்வதற்கு மூலமாயுள்ள பிரதி வெளிப்படையாகவே சட்டவிரோதமாக ஆக்கப்பட்டதாயின் சலுகை இல்லை என்று ஜேர்மனி 2003 ஆம் ஆண்டு திருத்தியது. வெளிப்படையாகவே சட்டவிரோதமாக இணையத்தில் வைக்கப்பட்டதாயினும் இல்லை என்று 2008 ஆம் ஆண்டு சேர்த்தது. ஒல்லாந்தில், இசையையும் படத்தையும் எங்கிருந்து பெற்றாலும் சொந்தப் பயனுக்காயின் தரவிறக்கலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதனை முடித்துவைத்தது. களவுப் பிரதியையும் நற்பிரதியையும் ஒன்றாக மதிக்கும் சட்டம் ஆக்கியோருக்கு நியாயமற்ற தீங்கு விளைக்கும் என்று அது கூறிய நாள், 2014 ஆம் ஆண்டு ஏப்பிரில் 10 ஆந் திகதி. ஆன் அரசியார் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக 304 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. பிரித்தானியாவில், தாம் விலைகொடுத்து வாங்கிய இசைத்தட்டையே சொந்தப் பயனுக்குப் பிரதி செய்ய 2014 ஆம் ஆண்டு இடம் அளிக்கப்பட்டது; ஆக்கியோருக்கு ஈடு எதுவும் வகுக்கப்படாத நிலையில், மறு ஆண்டே உயர் நீதிமன்று அதனை நீக்கியது.

நமது நாட்டின் நிலை யாது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொந்தப் பயனுக்கான பிரதியை அடியோடு மறுக்கவில்லை. வெளியிடப்பட்ட ஓர் ஆக்கத்தை, ஒருவர் தம் சொந்த நோக்கத்துக்காக மட்டும், ஒரே ஒரு பிரதியாகச் செய்துகொள்ள அது இடந்தருகிறது. ஆனால் அது சட்டப்படியான ஒரு பிரதியிலிருந்து செய்யப்படுதல் வேண்டும். வேண்டுமென்றே உரிமையை மீறுவோருக்கு 500,000 ரூபா வரை தண்டமும், ஆறு மாதச் சிறையும் விதிக்க நீதவானுக்கு அதிகாரம் அளித்தது அச்சட்டம். களவுப் பிரதியைத் தரவிறக்கியவர் ‘என் பயனுக்கு’ என்று சொல்லி இச்சலுகையின் நிழலில் ஒதுங்க முடியாது என்பது அதன் சொற்களிலிருந்தே விளங்கும்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது இரண்டு. பழங்காலத்துச் சட்டம், “பிரதி எதற்காக?” என்று கேட்டது. இக்காலத்துச் சட்டம் அதனோடு நில்லாமல், “பிரதி எங்கிருந்து வந்தது? உன் கையைக் கடந்து எங்கே சென்றது?” என்றும் கேட்கிறது. முதற் கேள்விக்கு மட்டும் விடை வைத்திருப்பவர் தம்மைக் காத்துக்கொண்டவர் ஆகார். ஒரு வீட்டின் இணைப்பைப் பலரும் பயன்படுத்துவதால், பிள்ளைகள் செய்வதற்குப் பெற்றோர் விடைசொல்ல நேரலாம் என்பதும் இதனோடு சேர்ந்தது.

மற்றொன்று, தண்டனை அளவறிந்து விதிக்கப்படுதல் வேண்டும் என்பது. கனடா 2012 ஆம் ஆண்டு தன் சட்டத்தைத் திருத்தியபோது, வணிக நோக்கற்ற மீறல்கள் அனைத்துக்கும் சேர்த்து 100 முதல் 5,000 டொலர் வரையே சட்டப்படியான நட்டஈடு விதிக்கலாம் என்று வரையறுத்தது. பிரான்சில், மீண்டும் மீண்டும் தவறுவோரின் இணைய இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை நிருவாக அமைப்பொன்றுக்குக் கொடுத்த சட்டத்தை, 2009 ஆம் ஆண்டு அந்நாட்டின் அரசியலமைப்புச் சபை கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் மறுத்தது. நீதிபதியே துண்டிக்கலாம் என்று பின்னர் வகுத்த ஏற்பாடும் 2013 ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. பாட்டு ஆக்கியவர் பட்டினி கிடத்தல் ஆகாது. பாட்டுக் கேட்ட குடும்பம் அதற்காகப் பாழாதலும் ஆகாது. 1965 ஆம் ஆண்டு ஜேர்மன் பாராளுமன்றம் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தது.

அத்தகைய ஏற்பாடு எங்கும் அமையும்வரை, விலைகொடுத்தோ உரியவர் இலவசமாக வழங்கியபோதோ பெறுவதே நமக்குப் பாதுகாப்பானது. பாடியவரும் இசையமைத்தவரும் படம் எடுத்தவரும் அடுத்த ஆக்கத்துக்கு உயிர் கொடுப்பதும் அந்த விலையைக் கொண்டுதான்.